உறையூர் சுருட்டும் டொமினிக்கன் சிகாரும்: பெட்டி செய்து பார்த்த அனுபவம்

எல்லாம் ஒரு சத்தத்தில் தொடங்கியது. போன மாசியில் துபாயிலிருந்து வந்த மச்சான், டொமினிக்கன் சிகார் இருபதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ராபஸ்டோ அளவு, 5 அங்குல நீளம், ரிங் கேஜ் 50. ஓர் அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்து சிகாரின் குறுக்களவைச் சொல்வதுதான் ரிங் கேஜ். 50 என்றால் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். பீரோவில் துணிகளுக்கு நடுவே பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். சித்திரை பிறந்ததும் ஒன்றை எடுத்துக் காதருகே உருட்டிப் பார்த்தால், சருகை மிதித்த மாதிரி சத்தம். மேலிலை நெடுக வெடித்திருந்தது. பற்றவைத்தேன், கால் மணி நேரத்தில் நாக்கைச் சுட்டுவிட்டு முடிந்தது. நிதானமாக ஒரு மணி நேரம் இழுக்க வேண்டிய சிகார் அது.

திருச்சியில் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாமா பல வருஷமாக உறையூர்ச் சுருட்டுப் பிடிப்பவர். அவர் பத்துச் சுருட்டுக்கு மேல் ஒருபோதும் வாங்கி வைப்பதில்லை. "வெயில்ல காஞ்சிடும், மழையில பூத்திடும் மாப்ளே" என்பார். அவர் சொன்ன இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று அன்றே தோன்றியது.

முதல் பெட்டியைப் பிளைவுட்டில் நானே அடித்தேன். மூலையில் ஒரு சோப்புப் பெட்டி, அதில் குழாய்த் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு. பத்தாம் நாள் திறந்தபோது புகையிலை வாசனையே இல்லை, பிளைவுட் பசை நெடிதான் வந்தது. ஸ்பாஞ்சின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை. உள்ளே இருந்த மூன்று சிகாரிலும் அந்த நெடி ஏறியிருந்தது, எத்தனை நாள் காற்றில் வைத்தும் போகவில்லை. மூன்றையும் தூக்கிப் போட்டேன். அடுத்த முறை உள்ளே பிளைவுட் கிடையாது, வார்னிஷ் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மரத்தைத் தொடும் முன், காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியைச் சரிபார்த்திருக்க வேண்டும். அதை இரண்டாவதாகத்தான் செய்தேன். வழி மிகவும் எளிது. ஒரு சோடா மூடியில் சாப்பாட்டு உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈரமான மணல் போல இருக்க வேண்டும். அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் உறைக்குள் வைத்து இறுக மூடி ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். ஈரமான உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்திலேயே பிடித்து வைக்கும், அது அதன் இயல்பு. என் மீட்டர் 69 காட்டியது. அதாவது 6 குறைவு. பின்னால் ஒரு ஸ்டிக்கரில் "+6" என்று எழுதி ஒட்டிவிட்டேன். இதைச் செய்யாமல் இருந்திருந்தால், 70 என்று நம்பிக்கொண்டு 76-இல் எல்லாவற்றையும் பூஞ்சைக்குக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் மரம். வெளிநாட்டுப் பெட்டிகளின் உள்ளே போடுவது ஸ்பானிஷ் செடார். பெயர்தான் செடார், உண்மையில் மஹோகனி வகையறா. தாவரப் பெயர் செட்ரெலா ஒடொராட்டா. நம் வேம்பும் அதே குடும்பம்தான். இதைப் படித்தபோதுதான் சந்தன வேம்பு நினைவுக்கு வந்தது. அந்த மரத்துக்கு இப்போது டூனா சிலியாட்டா என்று பெயர், முன்பு செட்ரெலா டூனா என்றே அழைத்தார்கள். மரவாடியில் விசாரித்தபோது முதலில் தேக்கைத்தான் காட்டினார்கள். ஆசாரி அண்ணனும் "தேக்குல பண்ணா உங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் இருக்கும் தம்பி" என்றார். இருக்கும், ஆனால் தேக்கில் எண்ணெய் இருக்கிறது, அதன் வாசனையைப் புகையிலை வாங்கிக்கொள்ளும். நான் சந்தன வேம்பிலேயே நின்றேன். ஒரு பழைய கதவின் பலகை கிடைத்தது. நன்றாகக் காய்ந்த மரம். இழைப்புளி போட்டதும் செம்பழுப்பாக ஒரு நிறம், கூடவே மெல்லிய இனிப்பு வாசனை. பெட்டியின் பாதி மகிழ்ச்சி எனக்கு அந்தச் சுருள் சீவல்களிலேயே கிடைத்துவிட்டது.

உள் அளவு 12க்கு 9க்கு 5 அங்குலம். மூடியின் உள்பக்கம் நாலு விளிம்பிலும் கால் அங்குலம் உயர்ந்த ஒரு சட்டம் ஓடும். மூடும்போது அது பெட்டிக்குள் இறங்கி உட்காரும், காற்றைத் தடுப்பது அதுதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரிகிற டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். பின்பக்கக் கீல் ஓரத்தில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த நாள் ஆசாரி அண்ணன் கீலைக் கழற்றி அரை நூல் இறக்கினார், வெளிச்சம் நின்றது. உள்ளே உப்புத்தாள் தவிர எதுவும் படவில்லை.

காய்ந்த பலகை சிகாரின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் முதலில் மரத்துக்கே ஈரம் காட்ட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் பலகை வளைந்துவிடும் என்பதால், ஒரு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரை வைத்து மூடிவிட்டேன். முதல் நாள் 52. பன்னிரண்டாம் நாள் 71. கிண்ணத்தை எடுத்துவிட்டு உள்காற்றை 65 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும் பொவேடா கம்பெனிப் பொட்டலங்கள் இரண்டைப் போட்டேன். பெட்டியில் அடங்கும் 25 சிகாருக்கு ஒரு 60 கிராம் பொட்டலம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. உள்ளே இருப்பது உப்புக் கரைசல். ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வேலைதான். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கி உள்காற்று காய்ந்துபோகும் ஊர்களை நினைத்து எழுதிய குறிப்புகளில் எல்லாம் ஈரம் ஏற்றுவது எப்படி என்றே இருக்கும். இறக்குவது எப்படி என்று நாம்தான் யோசிக்க வேண்டும். வழக்கமாகச் சொல்லும் 70 வைக்காமல் 65 வைத்ததும் அதனால்தான். நம் வெப்பத்தில் பூஞ்சைக்கும் வண்டுக்கும் கொஞ்சம்கூட இடம் தரக் கூடாது.

வண்டைப் பற்றி இனிமேல் சொன்னால் தாமதம், ஏனென்றால் ஆனியில் அது வந்தேவிட்டது. பெட்டிக்குள் வைத்திருந்த மாமாவின் உறையூர்ச் சுருட்டு ஒன்றில் குண்டூசித் தலை அளவு ஓட்டை, அடியில் கொஞ்சம் பொடி. பழுப்பு நிறத்தில் ஒரு வண்டு ஊர்ந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "மல்லி டப்பாவுல வர்ற வண்டுடா இது" என்றார். அம்மா சொன்னது முழுக்கச் சரி. புகையிலை வண்டு என்று சொல்லப்படும் லாசியோடெர்மா செரிகோர்னிதான் மல்லியையும் மஞ்சளையும் மிளகாயையும் துளைப்பது. முட்டை இலையிலேயே ஒட்டிக்கொண்டு வரும், 25 டிகிரியைத் தாண்டி வெப்பம் ஏறினால் சுறுசுறுப்பாகிவிடும். எங்கள் வீட்டில் 25 டிகிரி என்பது மார்கழி விடிகாலையில்தான்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஓட்டை விழுந்த நான்கு சுருட்டு போயிற்று. மற்றவற்றை இரட்டை ஜிப் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு உறையைத் திறக்காமலே அறையில் அரை நாள். அவசரப்பட்டால் மேலிலை வெடிக்கும். இப்போது கடையிலிருந்து வரும் எந்தச் சுருட்டும் இந்தக் குளிரைத் தாண்டாமல் பெட்டிக்குள் போவதில்லை.

இடையில் பைப் புகையிலையிலும் ஒரு தவறு நடந்தது. நண்பர் ஒருவர் கொடுத்த கலவையில் லடாகியா இருந்தது. மணமுள்ள விறகின் புகையில் வாட்டிய இலை அது, சைப்ரஸ் பக்கத்துச் சரக்கு. அடுப்படிப் புகை வாசம் போல அழுத்தமான வாசம், எனக்கு அது மிகவும் பிடிக்கும். பெட்டியில் இடம் இருக்கிறதே என்று ஒரு மூலையில் வைத்தேன். இரண்டே வாரத்தில் சிகார் எல்லாவற்றிலும் அந்தப் புகை வாசம். மரப்பெட்டி பைப் புகையிலைக்கு ஆகாது. மர வாசனை அதிலும் ஏறும், பெட்டி திறக்கும்போதெல்லாம் அதுவும் காயும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி போதும். ஜாடியையும் வளையத்தையும் வெந்நீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, புகையிலையை அமுக்கி நிரப்பி, மூடியில் தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வைத்துவிட்டேன். பொட்டலமும் வேண்டாம், ஸ்பாஞ்சும் வேண்டாம்.

வெப்பத்துக்குச் செய்த வேலை இன்னும் எளிது. சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் பெரிய ஐஸ் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, நான்கு நாள் திறந்து வைத்து வாசனை போக்கினேன். மரப்பெட்டியை அப்படியே அதற்குள் இறக்கி, வடக்கு அறையில் தரையில் வைத்தேன். அறையில் பகலுக்கும் இரவுக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருந்த நாட்களில் உள்ளே 3 டிகிரிதான் ஏறி இறங்கியது. குளிரவில்லை, 30-க்குக் கீழே வரவே இல்லை. ஆனால் ஆட்டம் நின்றது.

ஆடிக்காற்றில் அறை ஈரமானி மத்தியானம் 41 வரை இறங்கியது, பெட்டிக்குள் 64. ஐப்பசி அடைமழையில் அறை 88, பெட்டிக்குள் 66. ஆனால் மழையில் மூடிச் சட்டம் உப்பி, திறக்க முடியாமல் பிடித்துக்கொண்டது. ஆசாரி அண்ணன் வந்து, இடப்பக்கம் மட்டும் இரண்டு இழைப்பு இழைத்துக் கொடுத்தார். "கோடையில இந்தப் பக்கம் சந்து தெரியும், அப்ப ஒரு வெல்வெட் பட்டை ஒட்டிக்கலாம் தம்பி" என்றிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது, ஆனியில் ஃப்ரீசரைத் தாண்டி வந்த சுருட்டு ஒன்றைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரை பிடித்தார், நடுவில் ஒரு தடவைகூட அணையவில்லை. கிளம்பும்போது இன்னும் மூன்று கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டியில் இப்போது சிகார் 11, சுருட்டு 22. பங்குனிக்குள் வெல்வெட் பட்டை வாங்க வேண்டும்.