நாகஓகாவில் ஆங்கில ஆசிரியராக முதல் வருடம்

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். நீகாதா மாகாணத்தின் நாகஓகா நகரில் உதவி ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்து, மார்ச் கடைசியில் போய் இறங்கினேன். பாடம் நடத்துவது சீக்கிரமே பழகிவிட்டது. வீடு, பணம், குப்பை, குளிர் இவற்றைப் பழகத்தான் நாளானது. அடுத்து போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதில் முகவரி இருக்காது. வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிந்தால் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் எதுவும் நகராது. வேலை தரும் நிறுவனம் காப்பீடு கொடுக்காவிட்டால், அன்றைக்கே அதே கட்டடத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். அப்புறம் போன், அதன் பிறகு வங்கி. வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்கு திறக்கப் பல வங்கிகள் தயங்கும். எனக்குக் கைகொடுத்தது அஞ்சலக வங்கிதான்.

நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தால், அங்கே எல்லோரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளும் அதோடு ஆசிரியரைக் குறிக்கும் ‘சென்சே’ சேர்த்துக்கொள்வார்கள். கதகானா எழுத்தில் அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சம்பளம் கணக்கில் ஏறாமல் போகலாம்.

பணம் கையில் வேண்டும். வீடு எடுக்க முன்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும், திரும்ப வராத ‘ரெய்கின்’, நம் வாடகைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கான கட்டணம் எல்லாம் சேர்ந்தால் நாலைந்து மாத வாடகை ஆகிவிடும். என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் ஏப்ரல் சம்பளத்தை மே கடைசியில்தான் போட்டது.

குப்பைக்கு வருவோம். எரிகிற குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு முறை. மாற்றி வைத்தால் வண்டிக்காரர்கள் சிவப்புத் தாள் ஒட்டி அங்கேயே விட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு சனிக்கிழமை காலி அட்டைப் பால் டப்பாவோடு வந்தார். அதைக் கழுவி, கத்தரியால் நாலு பக்கமும் வெட்டி விரித்து, ஜன்னலோரம் காய வைத்துக் காட்டினார். பத்து சேர்ந்ததும் நூலால் கட்ட வேண்டும் என்பதை விரலை மடக்கிச் சொன்னார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குப் பேச ஓர் ஆள் இருந்தார். குடிபோன உடனே அக்கம்பக்கத்தில் ஒரு சின்ன இனிப்புப் பெட்டியோடு போய் அறிமுகம் செய்துகொள்வது அங்கே வழக்கம். தவறாமல் செய்யுங்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான், அலட்சியம் இல்லை. மதிய உணவை அவர்களே வெள்ளை ஏப்ரன் கட்டிப் பரிமாறி, வகுப்பறையிலேயே சாப்பிடுவார்கள். தினம் ஒரு வகுப்பில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டேன். அங்கே சிரித்துப் பேசிய பிள்ளைகள்தான் பாடத்திலும் முதலில் பேசினார்கள். முழுச் சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். அரிசிக்குக் கவலையே வேண்டாம், கொஷிஹிகாரி என்ற அரிசி ரகம் விளைகிற மண் அது. குழைவான அந்தச் சோற்றுக்குக் கெட்டிப் பருப்பு நன்றாகச் சேரும். துவரம்பருப்பும் புளியும் ஆன்லைனில் வாங்கினேன்.

குளிர்காலத்துக்கு அக்டோபரிலேயே தயாராகுங்கள். பல வீடுகளில் மண்ணெண்ணெய் ஹீட்டர்தான். 18 லிட்டர் சிவப்பு கேனை பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். அவ்வப்போது ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுவது கட்டாயம். நாகஓகாவில் சாலை நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும். இரும்புச் சத்தால் சாலையே துருவேறிய நிறத்தில் இருக்கும், கணுக்கால் வரை தண்ணீர் தெறிக்கும். ஷூவெல்லாம் தாங்காது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை அங்கேயே வாங்குங்கள், பனி விழுந்த பிறகு போனால் உங்கள் அளவு கிடைப்பது சிரமம்.