ஃபிரிட்ஜ் உள்ளே போய்விடும், சூடு வெளியே வருமா?

மாடுலர் கிச்சனின் டால் யூனிட்டுக்குள், அதாவது ஆளுயர அலமாரிக்குள், உட்கார்ந்திருக்கும் பழைய ஃபிரிட்ஜ் ஓய்ந்துபோனால், எல்லோரும் முதலில் டேப்பை எடுத்து அகலம், உயரம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்கள். அந்த அளவுக்குள் அடங்கும் பெட்டியும் கிடைத்துவிடும். பிரச்சினை கோடையில் வரும். கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடும், கீழ்த்தட்டில் பால் திரியும், பக்கத்துப் பலகையின் மைக்கா விளிம்பில் கிளம்பும். பெட்டிக்குத்தான் இடம் பார்த்திருப்பார்கள், சூட்டுக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியே விடும் குழாயான கண்டென்சர் முதுகில் கறுப்புக் கம்பிவலை மாதிரி வெளியே தெரியும். இன்று கடையில் விற்கும் சாதாரண, தனியே நிற்கும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் அந்தக் குழாய் இரண்டு பக்கத் தகட்டுக்குள்ளும் ஓடுகிறது. பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது அதனால்தான், பழுது ஒன்றும் இல்லை. ஆனால் இருபுறமும் இரண்டு நூல் (கால் அங்குல) இடைவெளியில் பலகை நின்றால் அந்தச் சூடு போக வழியில்லை. அலமாரிக்குள் வைப்பதற்கென்றே செய்த நிஜமான பில்ட்-இன் ஃபிரிட்ஜின் கணக்கு வேறு: காற்று கீழே ஸ்கர்ட்டிங் (தரையை ஒட்டிய அடிப்பட்டை) வழியாக நுழைந்து, முதுகுப்புறம் ஏறி, மேலே வெளியேறும். பக்கங்களில் ஒட்டி நின்றாலும் பாதகமில்லை. ஒரே திறப்புக்குள் இந்த இரண்டு வகையையும் மாற்றி மாற்றி வைக்க முடியாது.

அகலக் கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ. டால் யூனிட்டில் இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனால் உள்ளே 564 மி.மீ. மிஞ்சும். ஐரோப்பிய அளவிலான பில்ட்-இன் பெட்டிகள் கேட்பது 560 மி.மீ. அகலம், 550 மி.மீ. ஆழம். உயரத்தில் 88, 122, 178 செ.மீ. எனச் சில வகைகள் உண்டு. 178 வகையில் திறப்பு 1772-க்கும் 1788 மி.மீ.-க்கும் இடையே இருந்தால் போதும். 250 லிட்டர் சாதாரண டபுள் டோர் பெட்டியோ 55 முதல் 60 செ.மீ. அகலமும், 63 முதல் 70 செ.மீ. ஆழமும் இருக்கும். அதோடு பக்கத்துக்கு 5, மேலே 10 செ.மீ. காலி இடம் வேண்டும் என்று மேனுவல் கேட்கும். அதைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் டால் யூனிட்டை எடுத்துவிட்டு, 68, 70 செ.மீ. திறந்த இடமாக விட்டுவிடுவது உத்தமம். கதவின் முழுத் தடிமனும் பக்கத்துப் பலகைக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே தள்ளிவிட்டால் கதவு 90 டிகிரிகூடத் திறக்காது, காய்கறி டிராயர் பாதியில் முட்டும்.

அளக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலையும் டேப் பிடியுங்கள்; இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் யூனிட் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆழத்தைப் பின்பலகை வரை அளந்தால் பத்தாது. பிளக், குழாய், சுவரில் புடைத்திருக்கும் பூச்சு எல்லாம் அந்த 550-ஐத் தின்றுவிடும். லிஃப்ட், சமையலறை வாசல், திருப்பத்தில் இருக்கும் டைனிங் டேபிள் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டியின் அளவு பொருந்தினாலும் பலர் கோட்டை விடுவது ஷட்டரில், அதாவது ஃபிரிட்ஜை மறைக்கும் கேபினெட் கதவில். 178 உயரத்தில் கீழே ஃபிரீஸர் உள்ள பெட்டிகளில் கதவு பிரியும் கோடு மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் பாதிக்குப் பாதி, சிலதில் எழுபதுக்கு முப்பது. உங்கள் பழைய ஷட்டர்கள் வெட்டப்பட்ட உயரம் புதிய பெட்டியின் கோட்டோடு சேராவிட்டால் இரண்டு ஷட்டரையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய மைக்கா ஷேடு இன்று கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் இன்ஸ்டலேஷன் படத்தில் அந்தக் கோட்டின் உயரத்தைப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

அடுத்து, ஷட்டர் எதில் தொங்குகிறது என்பது. ஸ்லைடர் முறையில் ஷட்டர் கேபினெட்டின் சொந்தக் கீலில் தொங்கும். ஒரு பிளாஸ்டிக் சேனல் மட்டும் அதை ஃபிரிட்ஜ் கதவோடு இணைக்கும். மற்ற முறையில் ஷட்டர் நேராக ஃபிரிட்ஜ் கதவிலேயே திருகப்படும், எடை முழுவதையும் ஃபிரிட்ஜின் கீல்தான் சுமக்கும். 596 மி.மீ. அகலம், 1200 உயரம், 18 மி.மீ. பிளைவுட், இருபுறம் மைக்கா என்றால் ஒரு ஷட்டர் ஏறக்குறைய 10 கிலோ. அழகுக்கு 4 மி.மீ. கண்ணாடி ஒட்டினால் இன்னும் 7 கிலோ ஏறும். மேனுவலில் சொன்ன வரம்பைத் தாண்டினால் கதவு தொங்கி, ரப்பர் கேஸ்கெட் மேல்மூலையில் வாய் பிளக்கும். ஸ்லைடரிலிருந்து இந்த முறைக்கு மாறினால் கேபினெட் கீல்களைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் கதவு ஒன்றோடொன்று இழுத்துக்கொள்ளும்.

இனி காற்று. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்பது கீழே 200, மேலே 200 சதுர செ.மீ. திறப்பு, முதுகில் குறைந்தது 4 செ.மீ. இடைவெளி. 56-க்கு 10 செ.மீ. அலுமினிய கிரில்லில் பாதி கம்பிக்குப் போனால் 280 மிஞ்சும், நல்லது. கரப்பான் வருகிறது என்று அதன் பின்னால் நெருக்கமான வலை அடித்தால் 200-க்குக் கீழே இறங்கிவிடும். வலை வேண்டும் என்றால் கிரில்லைப் பெரிதாக்குங்கள். அடிப்பலகையின் பின்விளிம்பிலும், மேல்தட்டின் பின்விளிம்பிலும் 4 முதல் 5 செ.மீ. வெட்டி எடுக்க வேண்டும். நம் வீடுகளில் லாஃப்ட் கூரையை ஒட்டிப் போவதால் சூடு மேலே ஏறி அங்கேயே மாட்டிக்கொள்ளும். லாஃப்ட்டின் பின்பக்கத்திலும் அதே இடைவெளி விட்டு, உச்சியில் முன்பக்கம் கிரில் வையுங்கள். லாஃப்ட்டில் பித்தளைப் பாத்திரமும் அட்டைப்பெட்டியும் அடைத்து அந்த வழியை மூடுவது இன்னொரு வழக்கம். ஒரு ரீப்பர் கட்டை அடித்துத் தடுத்தால் போதும்.

வாங்கும்போது கிளைமேட் கிளாஸ் பாருங்கள்; சுற்றியுள்ள வெப்பம் எவ்வளவு வரை பெட்டி தாங்கும் என்பதைச் சொல்லும் குறியீடு அது. எஸ்.என். (SN), என் (N) வகைகள் 32 டிகிரி வரைதான், எஸ்.டி. (ST) 38 வரை, டி (T) 43 வரை. மே மாதச் சென்னை, வேலூர் சமையலறைக்கு டி இல்லாமல் வாங்கக் கூடாது என்பேன்.

பழையதை எடுக்க, முதல் நாள் இரவே சுவிட்சை அணைத்து ஐஸ் உருகவிடுங்கள். ஸ்லைடர்களைக் கழற்றி ஷட்டரை விடுவியுங்கள். பிறகு மேல்விளிம்பின் பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியிலும் கீல் பக்கத்து ரப்பர் பட்டைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தேடுங்கள். எல்லாம் கழன்ற பிறகும் வராவிட்டால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இழுத்துப் பார்ப்பதில் பலகைதான் பெயரும். இரண்டு ஆள் இல்லாமல் தொட வேண்டாம், காலிப் பெட்டியே 60, 70 கிலோ வரும்.

வெளியே எடுத்ததும் அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் போகும் துளை அடைத்து வழிந்திருந்தால் பின்மூலை பிஸ்கட் மாதிரி உதிரும். அப்படியானால் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 தர பிளைவுட்டில் புதுப் பலகை போட்டு, நான்கு காலோடு நடுவிலும் இரண்டு கால் கொடுங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே பெட்டி ஏற வேண்டும். பிளக் பாயின்ட் ஃபிரிட்ஜின் முதுகில் இருந்தால் இப்போதே பக்கத்துக் கேபினெட்டுக்கு மாற்றுங்கள். பின்னால் ஏதாவது ஆனால் சுவிட்சை அணைக்கவே பெட்டியை இழுக்க வேண்டிவரும். ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவும் வெளியேதான்.

புதிய பெட்டி படுத்தபடி வந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து, கம்ப்ரஸர் ஆயில் இறங்கிய பிறகு ஆன் செய்யுங்கள். மேனுவலில் எத்தனை மணி என்று இருக்கும். பொருத்தும்போது கொடுத்திருக்கும் ஸ்க்ரூவையும் கொடுத்திருக்கும் துளையையும் தவிர வேறு எங்கும் டிரில் படக் கூடாது. ஆடாமல் இருக்கட்டும் என்று கார்ப்பென்டர் பக்கப்பலகை வழியாக 35 மி.மீ. ஸ்க்ரூ ஒன்றை ஏற்றினால், 18 மி.மீ. பலகை போக 17 மி.மீ. ஃபிரிட்ஜுக்குள் இறங்கும். சாதாரணப் பெட்டியில் அங்கேதான் கண்டென்சர் குழாய். உள்ளே குளிரூட்டும் ஆர்600ஏ, எரியும் வாயு; குழாய் ஓட்டையானால் பெட்டியும் போச்சு.

ஓடவிட்டு 24 மணி நேரம் கழித்து, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். 4, 5 டிகிரி காட்ட வேண்டும், ஃபிரீஸரில் மைனஸ் 18. கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்தால் கேஸ்கெட் எங்கே பிடிக்கவில்லை என்று தெரியும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் நாள் முழுக்க மெல்ல ஓடுவது இயல்பு. ஆனால் மேல் கிரில்லில் கை வைத்தால் வெதுவெதுப்பான காற்று வந்தே ஆக வேண்டும். காற்று வராமல் பலகை மட்டும் சுட்டால் பின்னால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது, பெட்டியை மறுபடி வெளியே எடுங்கள்.