கோடு நேரா வந்திருக்குதுங்களா?

திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'தான். நர்ஸ் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். பேப்பர் வெளியே வந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கோடு நேரா வந்திருக்குதுங்களா?" நேராக வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லவா முடியும்? "டாக்டர் பார்த்துச் சொல்வாருங்க" என்று அனுப்பிவிடுவேன்.

ஷிப்மென்ட் நெருங்குகிற நாட்களில் பனியன் கம்பெனி ஆட்கள் அதிகம் வருவார்கள், முக்கியமாக, ஆர்டர் கொடுத்த பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று சரக்கை நேரத்துக்கு அனுப்பவைக்கிற மெர்ச்சண்டைசர்கள். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்திருக்காது, பையர் மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருப்பார். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில். அங்கிருந்து அது யார் தலையில் இறங்கும் என்பது ஊருக்கே தெரியும்.

அப்படி ஒரு தம்பி ஒரு சாயங்காலம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நெஞ்சை அடைக்கிறது, மூச்சு பத்தவில்லை, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றார். இரண்டு கைகளிலும் விரல்கள் குவிந்து இறுகியிருந்தன. பையில் போன் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை. ஒயர்களை மாட்டி பட்டனை அமுக்கினால், கோடு முழுக்க முள் முள்ளாக வருகிறது. "மெஷின் ரிப்பேருங்களா?" என்றார் கூட வந்தவர். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. தசைகள் நடுங்கினால் அந்த நடுக்கமும் பேப்பரில் விழும். "தோளை இறக்கி விடுங்க தம்பி, பல்லைக் கடிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு சுத்தமான கோடு கிடைத்தது. துடிப்பு வேகம், மற்றபடி நார்மல்.

பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடும் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறைகிறது. விரல் இழுப்பதும் உதடு மரப்பதும் அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். மெதுவாக மூச்சு விட வைத்தோம், விரல்கள் தானாக விரிந்தன. பேப்பர் கவரில் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியத்தை எங்கள் டாக்டர் அனுமதிப்பதில்லை. உண்மையிலேயே இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தால் அது ஆபத்து.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அப்புறம்தான். "ஒண்ணுமில்லையாம், சும்மா டென்ஷனாம்" என்று வராந்தாவில் போனில் சொல்வார்கள். சும்மா எப்படி? நடுக்கம் பேப்பரிலேயே விழுந்திருக்கிறதே! அதற்காக நெஞ்சு வலியை வீட்டிலேயே டென்ஷன், கேஸ் என்று முடிவுகட்டி சோடா குடிப்பதும் தப்பு. மாரடைப்பிலேயே முதல் ஈசிஜி நார்மலாக வருவதுண்டு. அதனால்தான் சில மணி நேரம் வைத்திருந்து, மறுபடி ஈசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கிறார்கள். பெண்கள் விஷயத்தில் இந்த 'டென்ஷன்' முத்திரை இன்னும் சீக்கிரம் விழுகிறது. அவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், தாடை வலி என்றும் மாரடைப்பு வரலாம்.

மனசு நேராக இதயத்தையே தாக்குவதும் உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டகோட்சுபோ என்ற இதயக் கோளாறு அப்படிப்பட்டது. பெரும் துக்கத்துக்கோ பயத்துக்கோ பிறகு, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும். ஈசிஜி மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஆஞ்சியோவில் அதற்கான அடைப்பு இருக்காது. இதயத்தின் இடது கீழறையின் நுனி உப்பி நிற்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது.

அந்தத் தம்பிக்கு ரத்தப் பரிசோதனையும் நார்மல். கிளம்பும்போது, "நார்மல்னு இருக்கிற ரிப்போர்ட்டைக் காட்டினா லீவு தருவாங்களா சிஸ்டர்? காய்ச்சல்னு எழுதித் தரச் சொல்லுங்க" என்றார். டாக்டர் மறுத்துவிட்டு, இருந்ததையே எழுதி மூன்று நாள் ஓய்வு என்று கையெழுத்துப் போட்டார். லீவு கிடைத்ததா என்று தெரியவில்லை.