பலகையை இறக்கும் நாள்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகரான இன்ஸ்புருக்கைச் சுற்றியுள்ள காடுகளில் எந்த நடைபாதை திறந்திருக்கிறது, எந்த வனச்சாலை மூடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை அன்றாடம் திருத்தி வைக்கும் பணியில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். சேர்ந்த புதிதில், ஆபத்து இருக்கும் இடத்தைச் சரியாக மூடிவிட்டால் என் கடமை முடிந்தது என்றே எண்ணினேன். மூடியதை உரிய நாளில் திறப்பதும் அதே அளவு பாதுகாப்புப் பணிதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இன்ஸ்புருக்கின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 574 மீட்டர் உயரத்தில், இன் ஆற்றின் கரையில் இருக்கும் நகரம் அது. அதன் வடக்கு விளிம்பிலேயே நோர்ட்கெட்டே மலைத்தொடர் எழுந்து, 2,334 மீட்டர் உயரமுள்ள ஹாஃபெலேகார் சிகரம் வரை செல்கிறது. 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த நிலையங்களைக் கொண்ட மலை ரயிலில் நகர மையத்திலிருந்து ஏறினால் சில நிமிடங்களில் ஹுங்கர்புர்க்கில் இறங்கிக் காட்டுக்குள் நடக்கலாம். அலுவலகம் முடிந்து அதே காலணிகளோடு மாலை நடைக்கு வருகிறவர்களை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனத்தில் அது ஒரு பூங்கா. மரம் வெட்டும் தொழிலாளிக்கோ அது செங்குத்தான பணியிடம்.

1975ஆம் ஆண்டின் ஆஸ்திரிய வனச் சட்டப்படி, காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், ஓய்வுக்காக அதில் நடந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆகவே அங்கே திறந்திருப்பதே இயல்பு, மூடல் விதிவிலக்கு. மூடுவதற்குக் காரணமும் எல்லையும் கால வரையறையும் வேண்டும். நான்கு மாதத்திற்கு மேல் நீடிக்க வேண்டுமானால் அதிகாரிகளின் அனுமதி தேவை. மிதிவண்டிக்கு இந்த உரிமை இல்லை, உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 1997 முதல் டிரோலில் ஒப்பந்தங்களின் வழியாகப் பல வனச்சாலைகள் மிதிவண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

நடப்பவர்கள் அடிக்கடி கேட்ட கேள்வி, "மேலே எங்கோ மரம் வெட்டுகிறார்கள், இந்தப் பாதையை ஏன் மூடுகிறீர்கள்?" என்பதுதான். வெட்டப்படும் மரத்தைச் சுற்றி அதன் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்திற்கு யாரும் நிற்கக் கூடாது. 30 மீட்டர் உயர ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமென்றால் 45 மீட்டர். ஆனால் அது மரம் சாயும்போது மட்டும் பொருந்தும் கணக்கு. சரிவில் விழுந்த கட்டை அந்த எல்லையோடு நின்றுவிடுவதில்லை. பட்டை உரிந்த ஈரக் கட்டை கீழ்நோக்கிச் சறுக்கத் தொடங்கினால், இரண்டு வளைவுகளுக்குக் கீழே இருக்கும் பாதையும் அதன் வழியில்தான் இருக்கிறது. சாலை எட்டாத இடங்களில் வெட்டிய மரங்களை இரும்பு வடத்தில் தொங்கவிட்டு இழுத்து வருகிறார்கள். அந்த வடம் நடைபாதையின் தலைக்கு மேலேயே செல்லும். காற்றில் சாய்ந்த மரங்கள் இன்னும் கொடியவை. ஒன்றின் மேல் ஒன்று அழுத்திக் கிடக்கும் தண்டுகள் வளைத்த வில்லைப் போல விசையைத் தேக்கி வைத்திருக்கும். ரம்பம் பட்ட கணத்தில் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதை அனுபவசாலிகளே நின்று நிதானித்துத்தான் சொல்வார்கள்.

சுற்றுலாப் பருவம் முடிந்த பிறகு இந்த வேலையைச் செய்யக் கூடாதா என்றும் கேட்பார்கள். பட்டை வண்டு அதுவரை காத்திருக்காது. சாய்ந்து கிடக்கும் ஸ்புரூஸ் மரத்தின் பட்டைக்கடியில் முட்டையிடும் அந்தச் சிறு வண்டு, வெப்பமான கோடையில் சில வாரங்களில் அடுத்த தலைமுறையை வெளியே அனுப்பி, பக்கத்தில் நிற்கும் நல்ல மரங்களைத் தாக்கும். 2018 அக்டோபர் இறுதியில் வீசிய வாயா புயலுக்குப் பிறகு கிழக்கு டிரோலின் மலைச்சரிவுகளில் இதுதான் நடந்தது. புயல் விட்டுவைத்த மரங்களையும் வண்டு தின்றது. சரிவில் நிற்கும் காடுதான் கீழே உள்ள வீடுகளையும் சாலைகளையும் பாறைச் சரிவிலிருந்தும் பனிச்சரிவிலிருந்தும் காக்கிறது என்பதால், சில வாரங்கள் ஒரு நடைபாதையை இழப்பது அங்கே பெரிய விலை அல்ல.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு வசந்த காலத்தில், வனச்சாலை ஒன்றின் மேற்புறத்தில் மரம் வெட்டும் பணி குறித்த நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது. பணியாளர்கள் வேறு சரிவுக்குப் போய்விட்டார்கள். முடிந்ததாக எழுத்தில் தகவல் வரவில்லை என்பதால் நான் வரைபடத்தைத் திருத்தவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. தடுப்பும் பலகையும் ஏறத்தாழ மூன்று வாரம் வெறுமனே நின்றன. மக்கள் முதலில் திரும்பிப் போனார்கள், பிறகு எட்டிப் பார்த்தார்கள், பிறகு சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு எதுவும் நேரவில்லை. அதற்குப் பிறகு அதே சாலையின் அடுத்த பகுதியில் வடம் கட்டி வேலை தொடங்கியபோது, அதே பலகையைக் கடந்து ஒரு தம்பதி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சாலையில் காவலுக்கு நின்றவர் பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்ல, வடம் நிறுத்தப்பட்டது. கட்டைகள் அவர்களுக்கு முன்னால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்று களத்தைப் பார்க்கப் போயிருந்த என்னிடம் அந்தத் தந்தை கோபமில்லாமல் சொன்னார்: "போன வாரமும் இந்தப் பலகை இருந்தது. நடந்து போனோம், உள்ளே யாருமே இல்லை." என்னிடம் பதில் இல்லை. அவரை அந்த வடத்தின் கீழே கொண்டுவந்தது அவருடைய அலட்சியம் மட்டும் அல்ல. நான் திருத்தாமல் விட்ட வரைபடமும்தான்.

அதன் பிறகு எழுத்துத் தகவலுக்காகக் காத்திருப்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு மாலையும் களத்துக்குத் தொலைபேசியில் பேசி, மறுநாள் எங்கே வேலை என்று கேட்டேன். பலகையில் மூடும் தேதியும் திறக்கும் தேதியும் பெரிதாக எழுதப்பட வேண்டும், மாற்றுப் பாதையின் படம் தடுப்பில் அல்லாமல் பாதை பிரியும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். ஏறி வந்த களைப்பில் தடுப்பைப் பார்ப்பவருக்குத் திரும்பும் மனம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரங்கள் ஓடாது என்பதால், சாலையோரம் அடுக்கிய கட்டைகள் உருளாதபடி கட்டப்பட்டிருந்தால் அன்று திறக்கலாம் என்றும் கேட்டுப் பெற்றேன். அடுக்கிய கட்டைகளின் மேல் ஏறும் குழந்தைகளை நினைத்து, சில வாரங்களில் அந்த அனுமதியை நானே வேண்டாம் என்றதும் உண்டு.

இயற்கை மூடவைக்கும் பாதைகளுக்குத் தேதி எழுத முடியாது. பிரென்னர் கணவாய் வழியாக ஃபான் என்னும் பலத்த வெப்ப மலைக்காற்று இறங்கும் நாளில் நிற்கும் மரமே ஆபத்து. பனிக்காலத்தில் முடிவு பனிச்சரிவுக் குழுக்களின் மதிப்பீட்டைச் சார்ந்தது. சரிவுகளை அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கொண்ட இந்தக் குழுக்களுக்கு டிரோலில் 1991 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் கால்ட்யூர் கிராமத்தில் 31 உயிர்களைப் பனிச்சரிவு கொண்டுபோனதை நினைவில் வைத்திருக்கும் மாநிலத்தில் அவர்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், படுத்தவும் கூடாது. திறக்கும் நாளைச் சொல்ல முடியாத அத்தகைய இடங்களில், "நாளை காலை 7 மணிக்கு மீண்டும் ஆய்வு செய்யப்படும்" என்று எழுதத் தொடங்கினோம். எப்போது மறுபடி பார்ப்போம் என்று சொன்னதே பலருக்குப் போதுமாக இருந்தது.

நான் அந்தப் பணியில் இருந்த கடைசி இலையுதிர் காலத்தில், பலகையில் எழுதியபடி ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆர்ஸ்லர் ஆல்ம் என்னும் மலை மேய்ச்சல் நிலத்துக்குச் செல்லும் பாதைகளில் ஒன்றைத் திறந்தோம். உதிர்ந்த கிளைகள் அகற்றப்பட்டனவா என்று பார்க்க மறுநாள் காலை போனபோது, ஊன்றுகோல்களோடு ஒரு முதிய பெண்மணி எதிரே இறங்கி வந்தார். நேற்று மாலை திறக்கும் என்று எழுதியிருந்தது, அதனால் வந்தேன் என்றார். முந்தைய நாள் இறக்கிய பலகை எங்கள் வண்டியின் பின்புறத்தில் கிடந்தது.