ஓநாய்க்கு எறிந்த நாவல்

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகம் விரிப்பவர்களிடம், போட்டித்தேர்வு கைடுகளுக்கும் பொறியியல் பாடநூல்களுக்கும் அடியில்தான் நல்ல சரக்கு கிடக்கும் என்பது அங்கே குனிந்து பழகியவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு மாலையில் 30 ரூபாய்க்கு நான் வாங்கியது, மேலட்டை போய், முதுகில் கோந்து உதிர்ந்துகொண்டிருந்த ஒரு தடித்த நாவல். உள்பக்கத்தில் 'மதகுரு' என்ற தலைப்பும், மொழிபெயர்த்தவர் க.நா.சுப்ரமண்யம் என்ற குறிப்பும் இருந்தன. ஏதோ ஒரு நூலகம் கழித்துவிட்ட பிரதி. பின்புறம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் மூன்றே மூன்று முத்திரைகள்.

ஸ்வீடன் எழுத்தாளர் ஸெல்மா லாகர்லெவ் 1891-இல் வெளியிட்ட முதல் நாவல் அது. குடியால் திருப்பணியை இழந்த ஓர் இளம் பாதிரியார், எகெபி என்னும் பண்ணை மாளிகையில் அண்டிக் கிடக்கும் கூட்டத்தோடு சேர்ந்து ஓராண்டு காலம் ஆடித் தீர்க்கும் கதை. அதில் ஓர் இடம் என்னை விடவே இல்லை. பனி மூடிய இரவுப் பாதையில் ஒரு பெண்ணோடு சறுக்கு வண்டியில் பாய்ந்து செல்லும் நாயகன், நெருங்கிவிட்ட ஓநாயின் வாய்க்குள் பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்தால் எழுதிய 'கொரின்' நாவலைத் தூக்கி எறிகிறான். புத்தகத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டா என்று மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் படுத்தபடி வியந்தேன். பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதுதான் நமக்கு. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குதிரையின் வயிறு வரை புதையும் வெண்மையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆங்கிலம் வழியாக இப்படி வட ஐரோப்பிய நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருவதைக் க.நா.சு. ஏறத்தாழத் தனியாளாகவே செய்தார். நார்வேயின் நட் ஹாம்சன் எழுதியது 'நிலவள'மாகவும், ஸ்வீடனின் பேர் லாகர்குவிஸ்ட் எழுதிய, விவிலியத்தில் வரும் பாரபாஸின் கதை 'அன்பு வழி'யாகவும் வந்தன. ருஷ்ய இலக்கியத்துக்கு மாஸ்கோவிலேயே தமிழில் அச்சிட்டு மலிவு விலையில் அனுப்ப ஓர் அரசாங்கம் இருந்தது. இந்த நாவல்களுக்கு ஒரு மனிதரின் ரசனை மட்டுமே இருந்தது. 'அன்பு வழி'யை எழுத்தாளர்களாவது இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'மதகுரு'வைப் பற்றி நான் கேட்டவர்களில் பெரும்பாலோர், அது ஏதோ சமய நூல் என்றே நினைத்திருந்தார்கள். தலைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சென்ற ஜூலையில் அலுவலக வேலையாக ஸ்டாக்ஹோம் போனபோது, கையில் மிஞ்சிய இரண்டு நாட்களுக்கு அந்தக் கிழிந்த பிரதியையும் எடுத்துக்கொண்டு மேற்கே, நாவல் நடக்கும் வேர்ம்லாந்துப் பகுதிக்கு ரயில் ஏறினேன். கார்ல்ஸ்டாட்டில் இறங்கி வேறு வண்டி மாறினால், ஃப்ரூக்கென் ஏரியை ஒட்டியே சுன்னே என்ற சிற்றூருக்குப் போய்ச் சேரலாம். நாவலில் 'லேவன்' என்று பெயர் மாறி வருவது இந்த ஏரிதான். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவரிடம் நாவலின் நாயகன் பெயரை நான் 'கோஸ்டா பெர்லிங்' என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. அட்டையில்லாத புத்தகத்தைக் காட்டியும் பயனில்லை, தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான், "ஓ, யொஸ்தா!" என்று முகம் மலர்ந்தார். பல ஆண்டுகளாக என் மனத்துக்குள் நடமாடிய ஒருவனின் பெயரையே நான் தவறாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுன்னேயிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் மோர்பாக்கா. லாகர்லெவ் 1858-இல் பிறந்ததும் 1940-இல் இறந்ததும் இங்கேதான். இடையில் கடனில் கைவிட்டுப் போன வீட்டை 1907-இல் அவர் திரும்ப வாங்கினார். 1909-இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணானபின், அந்தப் பணத்தைக் கொண்டு நிலங்களையும் மீட்டார். நான் ஓர் எளிய மரவீட்டை எதிர்பார்த்துப் போயிருந்தேன். எதிரே நின்றதோ வரிசைத் தூண்கள் தாங்கும் முகப்போடு கூடிய மாளிகை. 1921 முதல் 1923 வரை கட்டடக் கலைஞர் கிளாசனைக் கொண்டு அவரே பழைய வீட்டை உருமாற்றிக் கட்டியிருக்கிறார். ஏமாற்றமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் உள்ளே நூலக அறையில் அவருடைய எழுதுமேசையைப் பார்த்தபோது அது கரைந்துவிட்டது. ஓட்ஸ் மாவு ஆலை நடத்தி, பண்ணையாட்களுக்குக் கூலி கொடுத்து, அந்தக் கணக்குகளுக்கு நடுவே எழுதியவர் அவர். அங்கிருந்த கடையில் எங்கு பார்த்தாலும், வாத்தின் முதுகில் பறக்கும் சிறுவன் நில்ஸ். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டின் புவியியலைச் சொல்லித்தர ஆசிரியர் சங்கம் கேட்டு, அவனை வைத்து லாகர்லெவ் எழுதிய பாடநூல்தான் உலகமெங்கும் போயிற்று. என் பாதிரியாருக்கு அங்கும் ஓரத்து அடுக்குதான்.

திரும்பும் வழியில் ஒரு களஞ்சியத்து வாசலில் 'லொப்பிஸ்' என்று கையால் எழுதிய பலகை தெரிந்தது. கோடையில் வீட்டுப் பழம்பொருட்களை இப்படி விற்பது அங்கே வழக்கம். கோப்பைகளுக்கும் துருப்பிடித்த சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே ஒரு வாழைப்பழப் பெட்டி நிறையப் புத்தகங்கள். பாரதி சாலையில் குனிந்த அதே முதுகோடு குனிந்தேன். நான்காவதோ ஐந்தாவதோ கையில் வந்தது 'யொஸ்தா பெர்லிங்'கின் ஸ்வீடிஷ் பிரதி. விற்ற அம்மையார் கைபேசியில் பணம் அனுப்பச் சொன்னார். உள்ளூர் எண் இல்லாத நான் பையைத் துழாவி ஒரு 20 குரோனா நோட்டை நீட்டினேன். 1991-இல் வந்த 20 குரோனா நோட்டில் லாகர்லெவின் முகம் இருந்தது. 2015 முதல் அதில் இருப்பது சிறுவர் நூல்களின் ஆசிரியர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென்.

ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஏரிக்கரைப் பெஞ்சில் இரண்டு புத்தகங்களையும் மடியில் விரித்தேன். பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பனி இருந்த தடமே இல்லை. ஸ்வீடிஷில் ஒரு வரியும் எனக்குப் புரியாது. ஆயினும் எகெபி விருந்து வரும் பக்கங்களில் விரலை வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் 'கொரின்' என்ற பெயர் கண்ணில் பட்டது. தமிழ்ப் பிரதியில் அதே இடத்தைத் தேடிப் புரட்டும்போது, கோந்து விட்டுப்போன இரண்டு தாள்கள் காற்றில் எழும்ப, அவற்றைப் பிடிக்க ஓடினேன்.