வியாழக்கிழமை வயிற்றுவலி

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களுக்கான ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்தாளுநராகப் பணியாற்றி வருகிறேன். மருத்துவர் எழுதித் தரும் ஓ.பி. சீட்டைப் பார்த்து மாத்திரைகளை எண்ணி, உறையிலிட்டு, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. அந்தச் சன்னலுக்கு வெளியிலிருந்து நான் மிக அதிகமாகக் கேட்ட சொல் ‘கேஸ்’ என்பதுதான். நெஞ்சு கரித்தாலும் கேஸ், புளித்த ஏப்பம் வந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும், முதுகு பிடித்தாலும் கேஸ். மாரடைப்பின் தொடக்க வலியைக்கூட அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் வயிறு கெடுவதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்களே ஏராளம். மீன் எடுக்கும் பெண்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே ஏலத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் இரண்டு டீ, வாயில் வெற்றிலையும் புகையிலையும், பதினோரு மணிக்கு மேல் முதல் சோறு, கூடை சுமந்த இடுப்புவலிக்குக் கடையில் வாங்கிய வலிமாத்திரை, இரவு பத்து மணிக்குக் காரக் குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கை என்று நாள் போனால், இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிப்பதில் வியப்பில்லை. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தைப் போல மழைநீர் குடிநீரோடு கலக்கும் காலங்களில் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும். மருந்துகளே காரணமாவதும் உண்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். குழந்தை சாப்பிட மறுத்தால் உணவு சிக்கியிருப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கவும், வயிறு வலித்தால் குடல் புரண்டிருப்பதாகச் சொல்லிக் குடலேற்றம் வழிக்கவும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குடல்வால் அழற்சியால் துடிக்கும் பிள்ளையின் வயிற்றை எண்ணெய் தடவி அழுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் சொல்லாத நாளில்லை.

மீன் விற்கும் ஓர் அம்மாவின் வயிறு மட்டும் இந்தக் காரணங்களில் எதற்கும் அடங்கவில்லை. நாற்பது வயதைக் கடந்தவர். அடிவயிறு பிசைகிறது, நான்கைந்து முறை வெளியே போகிறது, போனபின் சற்றுத் தணிகிறது என்பார். இரண்டு நாள் மாத்திரையில் சரியாகும், மறுபடியும் வருவார். ஒருநாள் அவருடைய பழைய சீட்டுகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், மீன் செதில் ஒட்டிய நிலையில் என் கைக்கு வந்தன. பழைய மருந்து எது என்று பார்ப்பதற்காக அவற்றை மேசையில் தேதிவாரியாக அடுக்கினேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் சீட்டுகளைப் பார்த்தேன். ஒன்பது சீட்டுகளில் ஏழு வியாழக்கிழமைக்கு உரியவை.

“வியாழக்கிழமை என்னம்மா விசேஷம்?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கூடையைத் தரையில் வைத்தார். “அன்னைக்குத்தாம்மா குழுக் கடன் தவணை கட்டணும். ஒருத்தி கட்டலைன்னாலும் அத்தனை பேரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு உட்கார வெச்சிடுவாங்க. புதன்கிழமை ராத்திரியே எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடும்” என்றார். அது ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, விற்பதற்கு மீனில்லை; ஆனால் தவணைக்குத் தடைக்காலம் கிடையாது. அந்தப் பெண் தன் நோயின் காரணத்தைச் சரியாகவே அறிந்திருந்தார். அதைச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவரிடம் சீட்டுகளைக் காட்டினேன். அவர் அந்த அம்மாவை மறுபடியும் உட்காரவைத்து, எடை குறைந்ததா, மலத்தில் இரத்தம் போகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்றெல்லாம் விசாரித்து, இரத்தமும் மலமும் பரிசோதித்த பிறகே, இது எரிச்சல் குடல் நோய் என்று முடிவு செய்தார். கடைசி மூன்று மாதங்களில் வாரத்தில் ஒருநாளாவது வயிறு வலித்து, அந்த வலி மலம் கழிப்பதோடும், மலம் போகும் எண்ணிக்கை அல்லது தன்மை மாறுவதோடும் சேர்ந்து வந்தால் இந்தப் பெயரைச் சொல்லலாம் என்பது குடல் நோய் வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் நான்காம் வரையறை. குடலும் மூளையும் தமக்குள் பேசிக்கொள்வதில் ஏற்படும் கோளாறு என்றே இந்த வகை நோய்களை அந்த வரையறை அழைக்கிறது.

இது வெறும் உவமை அன்று. உணவுக்குழாய் தொடங்கி மலக்குடல் வரை குழாயின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பில் உள்ள இழைகளில் பெரும்பகுதி, கட்டளையைக் கீழே கொண்டுவருபவை அல்ல, வயிற்றின் சேதியை மேலே கொண்டுசெல்பவை. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலிலேயே உருவாகி, குடலின் அசைவை நடத்துகிறது. அச்சம் வந்தால் இரைப்பை மந்தப்பட்டுப் பெருங்குடல் விரைவதும், குடலின் உணர்வு நரம்புகள் கூர்மையாகிச் சாதாரணக் காற்றுகூட வலியாகத் தெரிவதும் இந்த வழியில்தான். 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருடைய இரைப்பையை வில்லியம் போமான்ட் என்ற மருத்துவர் ஆண்டுக்கணக்கில் நேரடியாகப் பார்த்து, கோபமும் அச்சமும் அதன் உட்சவ்வின் நிறத்தையும் சுரப்பையும் மாற்றுவதைப் பதிவு செய்திருக்கிறார்.

நான் பேருந்துக்கு நிற்கும் திருப்பாதிரிப்புலியூரில் இதைவிடப் பழைய வயிற்றுவலி ஒன்று நினைவுக்கு வரும். சமண மடத்தில் தருமசேனராக இருந்த திருநாவுக்கரசரைச் சூலை நோய் பற்றியதும், உடனிருந்தோரின் மந்திரங்கள் பயனற்றுப்போனதும், அவர் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாருக்கு ஆளனுப்பியதும் இவ்வூர்க்காரர்கள் எல்லோரும் அறிந்தது. இறையருளால் தீர்ந்த நோய்க்கு நான் மருத்துவ விளக்கம் தேடவில்லை. அந்த வலியில் அவர் முதலில் தேடியது, தாம் விட்டுவந்த தமக்கையை என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது.

அந்த அம்மாவுக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் எழுதினார். வெளியே யாரோ அது ‘மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்குற மாத்திரை’ என்று சொல்லிவிட, மறுவாரம் பத்து மாத்திரைகளையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். மனச்சோர்வுக்கு இதே மருந்தைப் பல மடங்கு அதிக அளவில் தருவார்கள் என்பதையும், இந்தச் சிறிய அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணித்து வயிற்றுப்போக்கையும் மட்டுப்படுத்தும் என்பதையும், தூக்கம் வரும் என்பதால்தான் இரவில் போடச் சொல்கிறோம் என்பதையும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினேன். உங்கள் வலி கற்பனை என்று யாரும் நினைக்கவில்லை என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகுதான் அவர் பையைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டார். ஏலத்துக்குப் போகுமுன் ஒரு குவளை நீராகாரமாவது குடித்துவிட்டு, டீயை அதற்குப்பின் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு மாதத்தில் வலி வெகுவாகக் குறைந்தது.

இந்த அனுபவம் எனக்குக் கொடுத்த நம்பிக்கையே அடுத்த ஆண்டு ஒருவருடைய உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது. வலை பின்னும் பெரியவர் ஒருவர் மேல்வயிற்று எரிச்சல் என்று வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து மாதக்கணக்கில் பேசவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டதும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஆள் வெளுத்திருந்ததால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதியிருந்தார். பத்து நாள் கழித்து வந்து, “கறுப்பாப் போகுதும்மா” என்றார். இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், மகனைப் பற்றிக் கவலைப்படாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கருமையாக, கட்டியாகப் போகிறதா, அல்லது தார்போல ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு போகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கி எத்தனை காலமாக டைக்ளோஃபினாக் என்ற வலிமாத்திரை போடுகிறார் என்றும் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவரை ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். எண்டோஸ்கோப்பியில் இரத்தம் கசியும் இரைப்பைப் புண் தெரிந்தது. இரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். இரைப்பையின் உட்சவ்வைக் காக்கும் சுரப்பை வலிமாத்திரைகள் குறைத்துவிடும் என்பதைப் படித்துத் தேறி வேலைக்கு வந்தவள் நான். அன்றைய என் பதிலை நான் இன்றும் மன்னித்துக்கொள்ளவில்லை.

மருத்துவ உலகமே ஒருகாலத்தில் இரைப்பைப் புண்ணைக் கவலையின் விளைவாகக் கருதியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை 1982இல் வளர்த்துக் காட்டினார்கள். பலரும் நம்ப மறுத்ததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கிடையில் எத்தனை பேர், ‘கவலைப்படாதீர்கள்’ என்ற அறிவுரையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று அந்தப் பெரியவருக்குப் பிறகு அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் கேஸ் மாத்திரை கேட்பவரிடம் முதலில் உடம்பைப் பற்றிய கேள்விகளைக் கேட்கிறேன்: மலத்தின் நிறமும் தன்மையும், எடை, வாந்தி, விழுங்குவதில் சிரமம், கடையில் வாங்கிப் போடும் மாத்திரை. அவற்றில் ஒன்று இடறினாலும் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் திருப்பி அனுப்புகிறேன். அதன்பிறகே, எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறேன். வரிசை நீளும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் இந்தக் கேள்விகளைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

சென்ற மாதம் அந்த வியாழக்கிழமை அம்மா பேரனுக்கு ஓ.ஆர்.எஸ். வாங்க வந்தார். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கடன் முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சும்மா. மாத்திரையும் டாக்டரம்மா நிறுத்திட்டாங்க” என்றார். பொட்டலங்களை முந்தானையில் முடிந்துகொண்டே, “ஆனா வியாழக்கிழமை காலையில மட்டும் ஒரே ஒரு தடவை பிசைஞ்சு விட்டுடுது” என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.