பார்த்தால் வராது, செய்தால்தான் வரும்

புதிதாக ஒன்றைக் கற்க நினைப்பவர்கள் பலரும் முதலில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். பார்க்கப் பார்க்க எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். புரிவது வேறு, கைக்கு வருவது வேறு. கொஞ்சம் பார்த்ததும் நிறுத்திவிட்டு, திரும்பப் பார்க்காமல் செய்து பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களைப் பிரித்துப் படித்தால் குறைந்த தடவைகளிலேயே மனதில் நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். வாரத்துக்கு ஒருநாள் மணிக்கணக்கில் உட்காருவதைவிட தினமும் அரை மணி நேரம் எவ்வளவோ மேல் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கிடார் பழகுபவர்கள் தெரிந்த பாட்டையே முதலிலிருந்து திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கேட்க இனிமைதான். ஆனால் விரல் தடுமாறும் அந்த ஒரு இடம் அப்படியேதான் இருக்கும். அதை மட்டும் தனியே எடுத்து, தப்பில்லாமல் வரும் வேகத்தில் மெதுவாக வாசியுங்கள். வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், தப்பைச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். ஆள் கிடைக்கவில்லையா? போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.